வெற்றிருக்கைகளின் கணக்கு: சிக்காகோ புறொன்ஸ்வில் பாடசாலைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலைகளின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மலர்களிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. நூற்றாண்டு மலர், வைர விழா மலர் என வெளிவரும் அத்தொகுப்புகளில் நிறுவியோரின் தியாகமும், அதிபர்களின் வரிசையும், புதிய கட்டடங்களின் திறப்பு விழாக்களும், பல்கலைக்கழகம் புகுந்தோரின் பட்டியலும் தவறாது இடம்பெறும். அப்பாடசாலையைச் சூழ்ந்த தெருக்களில் யார் குடியிருந்தனர், அக்காணிகள் யார் கைவசம் இருந்தன, வாசலைத் தாண்ட முடியாத பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்பன போன்ற வினாக்களுக்கு அங்கு இடமில்லை. பாடசாலை என்பது சமூகத்தினின்றும் வேறாக, தன்னளவில் வாழ்ந்து வளர்ந்து நலிவுறும் ஓர் உயிரி என்ற எண்ணமே இதனால் நிலைபெறுகின்றது.

இவ்வெண்ணத்தின் நிருவாக வடிவமே இன்று உலகெங்கும் பாடசாலைகளை மதிப்பிடும் முறையாகியுள்ளது. ஆட்சியாளர் இரு எண்களை முன்வைப்பர். ஒன்று மாணவர் தொகை. மற்றையது பரீட்சைப் பெறுபேறு. முதலாவது குறைந்தால் பாடசாலை தேவையற்றது. இரண்டாவது குறைந்தால் பாடசாலை தகுதியற்றது. மழைவீழ்ச்சியை அளப்பது போன்று இவ்வெண்கள் அளக்கப்படுவதால் அவற்றின் பின்னால் எவரது கையும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. இக்கட்டுரையில், ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரத் தென்பகுதியிலுள்ள புறொன்ஸ்வில் என்னும் குடியிருப்பை எடுத்துக்கொண்டு, அங்குள்ள அரசாங்கப் பாடசாலைகளின் மாணவர் தொகைக்குப் பின்னாலிருந்த சமூக சக்திகளை நாம் நோக்க முனைகின்றோம். இப்பகுதியைத் தெரிந்தமைக்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. 1960 களின் தொடக்கத்தில் வெற்றிருக்கைகள் இல்லையென்று கறுப்பினப் பெற்றோரைத் திருப்பியனுப்பிய அதே கல்விச் சபை, 2013 இல் வெற்றிருக்கைகள் மிகுந்துவிட்டன என்று கூறி, அப்பெற்றோரின் பேரப்பிள்ளைகளது பாடசாலைகளை மூடியது.

இலக்கிய மாணாக்கருக்குப் புறொன்ஸ்வில் முற்றிலும் புதிய இடமன்று. 1945 இல் வெளிவந்த குவென்டொலின் புறூக்ஸின் முதற் கவிதைத் தொகுதி அதன் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. றிச்சட் றைற்றின் 'நேற்றிவ் சண்' (1940) என்ற நாவல் சிக்காகோவின் தென்பகுதியையே களமாகக் கொண்டது. சென்ற் கிளெயர் டிறேக்கும் ஹொறஸ் கேற்றனும் இப்பகுதியை ஆராய்ந்து எழுதிய 'பிளாக் மெற்றொபொலிஸ்' என்ற பெருநூலும் 1945 இலேயே வெளிவந்தது. அதற்கு அறிமுகவுரை வழங்கியவர் றைற். ஆக, இந்நிலப்பரப்பின் அகவாழ்வு இலக்கியத்திற் பதிவானது. அதன் பாடசாலைகள் பற்றிய செய்தியோ அறிக்கைகளிலும் வழக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1910 இல் சிக்காகோவிலிருந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 44,000 பேர். தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலிருந்து இறைச்சித் தொழிற்சாலைகளையும் உருக்காலைகளையும் நாடி வந்தோரால் அத்தொகை 1930 இல் 234,000 ஆகவும் 1950 இல் 492,000 ஆகவும் பெருகியது. ஆயின், அவர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட நிலம் அவ்விகிதத்தில் விரியவில்லை. காணி உறுதிகளிலே, கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாதென்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 1948 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது எனத் தீர்த்தது. அதுவரையில் அவ்வுறுதிகளே ஒரு நகரச் சுவராக நின்றன. சொத்துடைமை என்பது பொருளுக்கும் மனிதனுக்குமிடையிலான உறவன்று, மனிதருக்கிடையிலான உறவு என்ற மார்க்சியக் கூற்றுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ஒரு வீட்டின் விலை, பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கவில்லை என்பதைக்கொண்டு நிர்ணயிக்கப்பட்டது.

சுவருக்குள் மக்கள் நெருங்கினர். வீடுகள் அறைகளாகவும் அறைகள் பாதி அறைகளாகவும் பிரிக்கப்பட்டன. பாடசாலைகளுக்கும் அதுவே நேர்ந்தது. பிள்ளைகளுக்கு இடம் போதாமையால் அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் காலையிலும் மறு பிரிவினர் பிற்பகலிலும் கற்பிக்கப்பட்டனர். 'எ றெயிசின் இன் த சண்' (1959) என்ற நாடகத்தின் ஆசிரியை லொறெய்ன் ஹன்ஸ்பெரி இத்தகைய அரைநாட் பாடசாலை ஒன்றிலேயே ஆரம்பக் கல்வியைப் பெற்றவர். தமக்கு உரிய கல்வியின் பாதியே தமக்குக் கிடைத்தது என்றும், அதனாற் கூட்டலும் பெருக்கலும் தமக்கு என்றுமே இலகுவாக வரவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அவருடைய தந்தையார் வெள்ளையர் பகுதியொன்றில் வீடு வாங்கி, உறுதி நிபந்தனைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்று 1940 இல் வென்றவர். வீட்டு வழக்கில் வென்ற தந்தையின் மகளுக்கே பாடசாலைக் கணக்குப் பாதியாகக் கிடைத்ததென்றால், வழக்காட வசதியற்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நெருக்கத்தினுள்ளும் கல்வி மலர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1935 இல் திறக்கப்பட்ட டுசேபிள் உயர்நிலைப் பாடசாலையில் கப்ரன் வோல்ரர் டயற் என்னும் இசையாசிரியரிடம் பயின்றோருள் நற் கிங் கோல், டைனா வொஷிங்ரன் முதலியோர் உலகப் புகழ் பெற்றனர். பின்னாளில் சிக்காகோவின் முதற் கறுப்பின மாநகர முதல்வரான ஹறொல்ட் வொஷிங்ரனும் அங்குப் பயின்றவரே. எனினும் இப்பெயர்களை அடுக்கி, ஒதுக்கப்பட்ட பாடசாலையே சிறந்த பாடசாலை என்று ஏங்கும் போக்கு இன்று சிலரிடம் காணப்படுகின்றது. நமது மலர்களின் குணமும் இதுவே. பட்டியலில் இடம்பெற்ற பத்துப் பெயரைக் காட்டி, இடம்பெறாத பத்தாயிரம் பெயரை மறைத்துவிடுவது வரலாறாகாது.

1953 இல் கல்வி அத்தியட்சராகப் பதவியேற்று 1966 வரை அப்பதவியிலிருந்த பெஞ்சமின் விலிஸின் காலமே நமது விடயத்தின் முதற் பெரும் முடிச்சாகும். இக்காலத்திற் கறுப்பினப் பகுதிகளின் மாணவர் தொகை உச்சத்தை நோக்கிச் சென்றது. வெள்ளையர் பகுதிகளிலோ, புறநகர்களுக்குக் குடிபெயர்வு நிகழ்ந்தமையாற் சில பாடசாலைகளில் வகுப்பறைகள் வெறுமையாயின. பிள்ளைகளை நெருக்கமான பாடசாலையிலிருந்து வெறுமையான பாடசாலைக்கு அனுப்புவதே சாதாரண அறிவுக்குப் புலப்படும் தீர்வு. விலிஸ் அதனை ஏற்கவில்லை. அயலிலுள்ள பாடசாலையிலேயே பிள்ளை பயிலவேண்டும் என்ற கொள்கையை அவர் முன்வைத்தார். கேட்பதற்கு இனிய கொள்கைதான். அயலே இனவாரியாக வகுக்கப்பட்டிருந்த நகரில் அதன் பொருள் வேறு. வெற்று வகுப்பறைகள் எத்தனை என்பது பற்றி அத்தியட்சருக்கும் குடியுரிமை அமைப்புகளுக்குமிடையே கடும் விவாதம் எழுந்தது. அவர் கூறிய தொகை மிகச் சிறியது. எதிர்த்தரப்பினர் கூறியது அதனிலும் பன்மடங்கு பெரிது.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தங்கவேண்டும். புறொன்ஸ்வில்லுக்குத் தெற்கேயுள்ள வூட்லோன் பகுதித் தாய்மார் 1962 இல் 'உண்மைக் குழுக்கள்' எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, வெள்ளையர் பாடசாலைகளுக்குத் தாமே சென்று வெற்று வகுப்பறைகளைப் படம்பிடித்தனர். அத்துமீறி நுழைந்தனர் என்ற குற்றச்சாட்டில் அவர்களுட் சிலர் கைது செய்யப்பட்டனர். கல்வி வரலாற்றில் இச்சம்பவம் போதிய கவனத்தைப் பெற்றதாக நமக்குத் தோன்றவில்லை. புள்ளிவிபரம் சேகரிப்பது அரசின் தனியுரிமை என்ற கருத்துநிலையை அத்தாய்மார் நடைமுறையிலேயே உடைத்தனர். எண்ணுவது யார், எதனை எண்ணுவது, எண்ணியதை யாரிடம் கூறுவது ஆகியன அதிகாரத்தோடு தொடர்புடைய வினாக்கள் என்பதை எந்தச் சித்தாந்த நூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அரைநாட் பாடசாலையிலிருந்து நண்பகலில் வீடு திரும்பிய பிள்ளைகள் கற்பித்தனர்.

விலிஸ் கண்ட மாற்றுவழி, பாடசாலை வளவுகளிலும் வெற்றுக் காணிகளிலும் அலுமினியத்தாலான நகரும் வகுப்பறைகளை நிறுத்துவது. மக்கள் அவற்றை 'விலிஸ் வண்டிகள்' என்று எள்ளினர். 1963 ஒக்ரோபர் தொடக்கத்தில், சில மாணவரை வேறு பாடசாலைகளுக்கு மாற்றும்படி நீதிமன்றம் இட்ட கட்டளையை ஏற்க மறுத்து விலிஸ் பதவி விலக முன்வந்தார். கல்விச் சபை அவரை நீடிக்குமாறு வேண்டியது. அம்மாதம் 22 ஆந் திகதி நடைபெற்ற பகிஷ்கரிப்பில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் வகுப்பறைகளைத் துறந்து வெளியேறினர். மாணவர் தொகை என்பது நிருவாகத்தின் ஆயுதம் மட்டுமன்று, மக்களின் ஆயுதமாகவும் மாறக்கூடியது என்பதை அந்த ஒரு நாளின் வரவு இடாப்பு காட்டியது.

இதே காலத்தில் நகரம் தென்பகுதியின் நெருக்கத்துக்கு வேறொரு தீர்வையும் நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தது. 1962 இல் நிறைவுற்ற றொபேட் ரெய்லர் குடியிருப்பு, பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்களை ஸ்ரேற் வீதியோரம் வரிசையாகக் கொண்டிருந்தது. அக்குடியிருப்பினரிற் பெரும்பான்மையோர் சிறுவர்கள். அவர்களுக்காக அருகருகே பாடசாலைகள் எழுந்தன. 1963 இல் திறக்கப்பட்ட அன்ரனி ஓவேற்றன் ஆரம்பப் பாடசாலை அவற்றுளொன்று. வெள்ளையர் பாடசாலைகளிலிருந்த வெற்றிருக்கைகளைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வழங்க மறுத்தமையாற் புதிய இருக்கைகள் கறுப்பினப் பகுதிகளிலேயே கட்டப்பட்டன என்பது மனங்கொளத்தக்கது. அரை நூற்றாண்டின் பின் 'மிகையான இருக்கைகள்' எனப் பெயர்பெற்றவற்றுள் இவையும் அடங்கின. மிகை என்று தூற்றப்பட்டது, பிரிவினை கட்டியெழுப்பிய சுவரின் செங்கல்லே.

பின்னர் வேலைகள் போயின. புறொன்ஸ்வில்லின் மேற்கே, தலைமுறை தலைமுறையாகத் தொழில் வழங்கிய யூனியன் கால்நடைச் சந்தை, இறைச்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியதன் இறுதியில், 1971 இல் மூடப்பட்டது. உருக்காலைகளின் மூடுவிழா 1980 இலிருந்து தொடர்ந்தது. மூலதனம் தனக்குத் தேவையான காலத்தில் மனிதரை ஓரிடத்திற் குவித்தது; தேவை தீர்ந்தபின் அவ்விடத்திலேயே கைவிட்டது. பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறு பற்றிய கூக்குரல் இக்காலத்திலிருந்தே உரத்து ஒலிக்கலாயிற்று. 1987 இல் ஐக்கிய அமெரிக்கக் கல்விச் செயலாளர் வில்லியம் பெனற், சிக்காகோவின் பாடசாலைகளே நாட்டில் மிக மோசமானவை என்றார். 1988 ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் பெரும்பான்மையாக இடம்பெற்ற உள்ளூர்ப் பாடசாலைச் சபைகளை ஏற்படுத்தியது. இது உண்மையான மக்கள் பேறு என்றே நாம் கருதுகின்றோம். 1995 ஆம் ஆண்டுச் சட்டமோ கல்விச் சபையை மாநகர முதல்வரின் நேரடி ஆளுகைக்குட் கொண்டுவந்தது. மறு ஆண்டில், குறைந்த பெறுபேற்றைக் காரணங்காட்டி 109 பாடசாலைகள் கண்காணிப்பின்கீழ் வைக்கப்பட்டன. 1997 இல் ஏழு உயர்நிலைப் பாடசாலைகளின் ஆசிரியர் குழாங்கள் கலைத்துச் சீரமைக்கப்பட்டபோது டுசேபிளும் அதன் மூத்த அயற்பாடசாலையாகிய வென்டல் பிலிப்சும் அவற்றுள் இருந்தன.

2000 இல் தொடங்கிய பொது வீடமைப்பு 'மாற்றத் திட்டம்' உயர்மாடிக் குடியிருப்புகளை இடித்தது. றொபேட் ரெய்லரின் இறுதிக் கட்டடம் 2007 இல் வீழ்ந்தது. வீடு வீழ்ந்தாற் பிள்ளை போகும். பிள்ளை போனாற் பாடசாலை வெறுமையாகும். இதிலே புதிர் எதுவுமில்லை. 2000 க்கும் 2010 க்கும் இடையிற் சிக்காகோவின் கறுப்பின மக்கள் தொகை 1,065,000 இலிருந்து 888,000 ஆகக் குறைந்தது. 2004 இல் அறிவிக்கப்பட்ட 'மறுமலர்ச்சி 2010' என்னும் திட்டம், நூறு புதிய பாடசாலைகளைத் திறப்பதாகக் கூறியது. அவற்றுட் பல, பொதுப் பணத்திலே தனியார் நடத்தும் சாட்டர் பாடசாலைகள். பிள்ளைகள் குறைகின்றனர் என்று வருந்திய நிருவாகமே, குறைந்துவரும் பிள்ளைகளுக்குப் போட்டியாகப் புதிய வாசல்களைத் திறந்துகொண்டிருந்தது.

2013 இல் கணக்கு வெளியாயிற்று. 403,000 மாணவருக்கு 511,000 இருக்கைகள் உள்ளன என்றது கல்விச் சபை. ஓர் ஆரம்பப் பாடசாலையின் வகுப்பறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை எடுத்து, அறைக்கு 30 மாணவர் எனப் பெருக்கி வருவதே அதன் 'இலட்சியத் தொகை'. அதில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறைவான மாணவர் இருப்பின் அது 'குறைபயன்பாட்டுப் பாடசாலை'. விசேட தேவையுடைய பிள்ளைகளின் வகுப்புகளில் இதனிலும் மிகக் குறைந்த தொகையினரே இருக்கலாம் என்று சட்டமே விதித்திருந்தும், சூத்திரம் அதனைப் பொருட்படுத்தவில்லை. புறநகரின் வசதிபடைத்த பாடசாலையொன்றில் வகுப்பிற்கு இருபது பிள்ளைகள் இருந்தால் அது தரத்தின் அடையாளம். புறொன்ஸ்வில்லில் இருந்தால் வீண் செலவின் அடையாளம். அவ்வாண்டு மே 22 ஆந் திகதி ஐம்பது பாடசாலைகளை மூடக் கல்விச் சபை வாக்களித்தது. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 மாணவரில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் கறுப்பினத்தவர். நகரின் மொத்த மாணவரிலோ அவர்கள் நூற்றுக்கு நாற்பது அளவினரே. ஓவேற்றன் பாடசாலையும் மூடப்பட்டுப் பின்னர் தனியார் கைக்கு மாறியது.

நிருவாகத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. எண்ணூறு பேருக்குக் கட்டிய கட்டடத்தில் இருநூறு பேர் பயின்றால் அங்கு இசையாசிரியரையோ நூலகரையோ நிறுத்துவது கடினம். ஆனால் அக்கடினம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு பணம் என்று பாடசாலைகளுக்கு நிதி பகிரும் முறை 2013 இலேயே அங்குப் புகுத்தப்பட்டது. பத்துப் பிள்ளைகள் போனாற் பணம் போகும். பணம் போனால் இசையாசிரியர் போவார். அவர் போனதைக் கண்டு மேலும் பத்துப் பிள்ளைகள் போவர். காரணமும் காரியமும் ஒன்றையொன்று துரத்தும் இவ்வட்டத்தை நிருவாகம் ஒரு நேர்கோடாகவே வரைந்து காட்டுகின்றது. பெறுபேற்றுக் கணக்கும் பொய்த்தது. 2001 க்கும் 2006 க்கும் இடையில் மூடப்பட்ட பாடசாலைகளின் மாணவரை ஆராய்ந்து சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களிற் பெரும்பாலோர் மீண்டும் பலவீனமான பாடசாலைகளையே சேர்ந்தனர். 2013 மூடல் பற்றி 2018 இல் வெளியான அறிக்கை, மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே பிள்ளைகளின் புள்ளிகள் சரிந்ததைக் காட்டியது. மூடுவதற்கு முன்னரே மூடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

புறொன்ஸ்வில்லில் ஆசிரியையாகப் பணியாற்றிய கவிஞரும் சமூகவியலாளருமான ஈவ் யூயிங், 2018 இல் வெளிவந்த தமது நூலில், 'தோல்வியுற்றது' எனப்பட்ட பாடசாலைக்காக மக்கள் ஏன் போராடுகின்றனர் என்ற வினாவை எழுப்பி, அதனை ஒருவகைத் துக்கம் அனுட்டித்தலாகக் காண்கின்றார். இது ஆழமான அவதானிப்பு. மார்க்சியம் பேசும் நம்மிற் பலர், இத்தகைய உணர்வை வெறும் மேற்கட்டுமானம் என்று ஒதுக்கி, நிறப் பிரச்சினையை வர்க்கப் பிரச்சினைக்குட் கரைத்துவிடுவோம். புறொன்ஸ்வில்லின் சுவரைக் காத்தவருள் வெள்ளைத் தொழிலாளரும் இருந்தனர் என்ற கசப்பான உண்மை அவ்விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. 1920 களிலும் 1930 களிலும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனத்துக்காக நடந்த போராட்டங்களை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வாங்கிலே இடம் கொடுக்க மறுத்தவர் யாவரும் நிலவுடைமையாளர் அல்லர். எனினும் துக்கம் என்ற சொல்லுடன் மட்டும் நின்றுவிட நாம் உடன்படோம். இறந்ததற்குத் துக்கிக்கலாம், இங்கு நடந்தது இறப்பன்று, பறிப்பு.

டயற்றின் பெயர் தாங்கிய பாடசாலையின் கதை இதனைத் தெளிவாக்கும். 1972 இல் நடுநிலைப் பாடசாலையாகத் திறக்கப்பட்டுப் பின் உயர்நிலைப் பாடசாலையாக்கப்பட்ட அதனைப் படிப்படியாக மூட 2012 இல் முடிவு செய்யப்பட்டது. புதிய மாணவரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டதால் மாணவர் தொகை ஆண்டுதோறும் தானாகவே வீழ்ந்தது. இசையாசிரியரின் பெயர் கொண்ட பாடசாலையில் கலைப் பாடத்தையும் பிள்ளைகள் கணினித் திரையிற் கற்கவேண்டியதாயிற்று. 2015 இல் இறுதியாக வெளியேறிய மாணவர் பதின்மூவர். அவ்வாண்டு ஓகஸ்ட் 17 ஆந் திகதி பெற்றோரும் அயலவருமாகப் பன்னிருவர் உண்ணாவிரதத்தைத் தொடங்கினர். செப்ரெம்பர் தொடக்கத்தில், கலைகளுக்கு முதன்மையளிக்கும் திறந்த சேர்வுப் பாடசாலையாக அதனை மீண்டும் திறக்க நிருவாகம் இணங்கியது. பாடத்திட்டத்தைத் தாம் வகுக்கவேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமையால் உண்ணாவிரதம் தொடர்ந்து, 34 நாள்களின் பின்னரே முடிவுற்றது. 2016 செப்ரெம்பரில் வாசல் திறந்தது. முழு வெற்றியன்று; ஆயின் மூடப்பட்ட பாடசாலையொன்றின் மாணவர் தொகை பூச்சியத்திலிருந்து மேலெழுந்த அரிய நிகழ்ச்சி இது.

2024 நவம்பரில் சிக்காகோ மக்கள் தமது கல்விச் சபை உறுப்பினருட் சிலரை முதன்முறையாகத் தாமே தெரிவு செய்தனர். டுசேபிள் உயர்நிலைப் பாடசாலை 2000 களின் நடுப்பகுதியிலேயே படிப்படியாக மூடப்பட்டு, அதன் கட்டடத்துட் சிறிய பாடசாலைகள் குடியேற்றப்பட்டுவிட்டன. அக்கட்டடத்தை நகரின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாகச் சிக்காகோ மாநகரம் அறிவித்தது. அது நிகழ்ந்ததும் ஐம்பது பாடசாலைகள் மூடப்பட்ட அதே 2013 ஆம் ஆண்டிலேயே.